589 என்று தொடங்கிய டிக்கெட்: ஜெட் ஏர்வேஸ் ஒரு மதிப்பீடு

ஜெட் ஏர்வேஸ் பயணிகளுக்கு இரண்டு பொருள்களை விற்றது. ஒன்று, விமானத்தில் ஏறியபின் கிடைத்த உபசரிப்பு. மற்றொன்று, அந்தப் பயணத்தை இன்ன தேதியில் தருவோம் என்று சொல்லி, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் முன்கூட்டியே காசு வாங்கிக்கொண்டு கொடுத்த டிக்கெட். முதல் பொருள் ஒரு தலைமுறைப் பயணிகளுக்கு அளவுகோலாக இருந்தது. இரண்டாவது பொருள் 2019 ஏப்ரல் 17 இரவோடு செல்லாக்காசு ஆனது. அன்று அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கிளம்பிய 9டபிள்யூ 2502தான் அந்த நிறுவனம் பறக்கவிட்ட கடைசி விமானம்.

மூடிப்போன கம்பெனிக்கு இப்போது எதற்கு மதிப்பீடு என்று கேட்கலாம். விமான டிக்கெட் என்ற பொருள் அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது. பயணி கட்டும் முன்பணத்துக்கு ஈடு கிடையாது. அது தனிக் கணக்கில் பூட்டி வைக்கப்படுவதும் கிடையாது. அடுத்த மாதப் பயணத்துக்கு இன்று கட்டிய காசில்தான் இன்றைய விமானத்துக்கு எரிபொருள் நிரப்புகிறார்கள். ஆக, டிக்கெட் வாங்குகிறவர் விமான நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். கடன் கொடுப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது, அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்பதைத்தான். ஜெட் விஷயத்தில் இது தேதி வாரியாகத் தெரிந்தது.

உள்ளே கிடைத்தது

1993 மே 5ஆம் தேதி ஜெட் பறக்கத் தொடங்கியபோது உள்நாட்டு வானம் பெரும்பாலும் அரசாங்க நிறுவனத்தின் கையில் இருந்தது. நேரத்துக்குக் கிளம்புவது, எகானமியிலும் சூடான சாப்பாடு, முகம் சுளிக்காத ஊழியர்கள் என்று ஜெட் கொண்டுவந்த பழக்கங்களை மற்றவர்களும் பின்பற்ற வேண்டியிருந்தது. மஞ்சள் நிற நீளக் கோட்டு போட்ட கேபின் ஊழியர்களைப் பார்த்தாலே எந்த நிறுவனம் என்று விமான நிலையத்தில் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு இதில் ஒரு நேரடி லாபமும் இருந்தது. 2017 அக்டோபர் கடைசியில் சென்னையிலிருந்து பாரிஸுக்கு நேரடி விமானம் விட்டது ஜெட். புதுச்சேரிக்கும் பிரான்ஸுக்கும் போய்வரும் குடும்பங்களுக்கு மும்பையிலோ துபாயிலோ இறங்கி ஏறும் வேலை மிச்சமானது. நிறுவனத்தோடு அந்த வசதியும் போயிற்று.

உபசரிப்புக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் அதன் விலை எங்கே ஒளிந்திருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். போயிங் 737-800 என்ற ஒரே ரக விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெட் அதில் 168 இருக்கை போட்டது. பிசினஸ் 12, எகானமி 156. ஸ்பைஸ்ஜெட் அதே விமானத்தில் 189 இருக்கை போட்டது. எரிபொருள் செலவு, தரையிறங்கும் கட்டணம், மாத வாடகை, இரண்டு பைலட், விதிப்படி 50 இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில் குறைந்தது நான்கு கேபின் ஊழியர் என்று இரண்டுக்கும் பெரிய செலவெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் 21 இருக்கை. ஒரு விமானம் நாளைக்கு ஆறு தடவை பறந்தால் 126 இருக்கை குறைவாக விற்பனைக்கு வருகிறது. அந்த இழப்பை பிசினஸ் வகுப்பின் 12 இருக்கையும் கொஞ்சம் கூடுதலான எகானமி கட்டணமும் ஈடுகட்ட வேண்டும். மலிவுக் கட்டண நிறுவனங்கள் விலையைத் தீர்மானிக்கும் சந்தையில் அது நடக்கவில்லை. டெல்லி மும்பை தடத்தில் பக்கத்து கவுன்டரில் 500 ரூபாய் குறைவாக இருந்தால் பெரும்பாலான பயணிகள் அங்கே போய்விடுவார்கள்.

இதற்கு மேல் மூன்று பாரம். 2007இல் ஏர் சஹாராவை ரூ. 1,450 கோடிக்கு வாங்கியது. ஜெட்லைட் என்று பெயர் மாற்றியும் அது லாபத்துக்கு வரவில்லை. முழுச்சேவை, மலிவுச்சேவை என்று ஒரே நிறுவனத்தின் கீழ் பல பெயர்களை ஓட்டியதில், தான் வாங்கிய டிக்கெட்டில் சாப்பாடு உண்டா இல்லையா என்பதே பயணிக்குத் தெரியாத நிலை வந்தது. மூன்றாவது, டாலர். விமான வாடகையும் பராமரிப்பும் டாலரில் போகும். உள்நாட்டு வருமானம் ரூபாயில் வரும். 2018 அக்டோபரில் டாலர் 74 ரூபாயைத் தாண்டியது. எரிபொருள் விலையும் அதே ஆண்டில்தான் ஏறியது. இந்தியாவில் விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் மாநில வரி தனி; தமிழ்நாட்டில் அது அப்போது 29 சதவீதம். 2013இல் அபுதாபியின் எத்திஹாட் விமான நிறுவனம் 24 சதவீதப் பங்கை வாங்கிப் போட்ட பணம் சில ஆண்டு மூச்சு கொடுத்தது. செலவின் அமைப்பை அது மாற்றவில்லை.

சம்பளம் முதலில் தள்ளிப்போவது ஏன்

பணத் தட்டுப்பாட்டில் உள்ள விமான நிறுவனம் யாருக்கு முதலில் கொடுக்கும், யாரைக் காக்க வைக்கும் என்பதில் ஒரு நியதி இருக்கிறது. யாரால் விமானத்தை இன்றைக்கே நிறுத்த முடியுமோ அவருக்கு முதல் காசு. எண்ணெய் நிறுவனம் கடன் வசதியை ரத்துசெய்து கேஷ் அண்ட் கேரி என்று சொல்லிவிட்டால், பணம் கட்டும்வரை எரிபொருள் லாரி விமானத்தின் பக்கத்தில் வராது. விமானத்தை வாடகைக்கு விட்டவர் நோட்டீஸ் கொடுத்தால் அந்த விமானம் பறக்காது. விமான நிலையம் நிறுத்துமிடத்தை மறுக்கலாம். இவர்களுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஊழியரால் அப்படி நிறுத்த முடியாது. பைலட் வேறு நிறுவனத்துக்குப் போக வேண்டுமென்றால் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2017இல் கொண்டுவந்த விதிப்படி கேப்டன் ஒரு வருடம், துணை பைலட் ஆறு மாதம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பறக்காமல் வீட்டில் உட்கார்ந்தால் அவருக்கே நஷ்டம். கடந்த 90 நாளில் மூன்று முறை விமானத்தை மேலேற்றித் தரையிறக்கியிருக்காவிட்டால் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கத் தகுதி போய்விடும். சிமுலேட்டரில் மறுபடி உட்கார்ந்துதான் அதை மீட்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. கேபின் ஊழியர் நிலை இன்னும் மோசம். அவர்கள் வருமானத்தில் பெரிய பங்கு பறந்த நேரத்துக்கான படிதான். விமானங்கள் ரத்தாகத் தொடங்கியதும், சம்பளம் நிற்பதற்கு முன்பே அந்தப் படி சுருங்கிவிடும். நிர்வாகம் ‘சம்பளம் வந்துகொண்டுதான் இருக்கிறது’ என்று அறிக்கை விடும் மாதத்திலேயே அவர்கள் கையில் பாதிதான் வந்திருக்கும்.

ஜெட்டில் இது நடந்த வரிசையைப் பாருங்கள். 2018 ஆகஸ்ட் தொடக்கத்தில் 25 சதவீதம் வரை சம்பளத்தைக் குறைக்கலாம் என்ற யோசனை ஊழியர்களிடம் வைக்கப்பட்டது, பைலட்கள் மறுத்தார்கள். ஆகஸ்ட் 9ஆம் தேதி காலாண்டுக் கணக்கை வெளியிடாமல் தள்ளிவைத்தார்கள். பிறகு வெளிவந்தபோது நஷ்டம் ரூ. 1,323 கோடி. அடுத்த காலாண்டில் ரூ. 1,297 கோடி. செப்டம்பரில் பைலட்கள், என்ஜினியர்கள், மேல்நிலை நிர்வாகிகள் ஆகியோரின் சம்பளம் இரண்டு தவணையாகப் பிரிந்தது. அதற்குப் பிறகு தவணைகளே தேதி தவறின. டிசம்பர் 31 அன்று வங்கிக் கடன் தவணை கட்டத் தவறியது நிறுவனம். 2019 ஜனவரியிலிருந்து இந்த மூன்று பிரிவினருக்கும் சம்பளம் வரவில்லை. கவனியுங்கள்: வங்கிக்குத் தவணை தவறுவதற்கு நான்கு மாதம் முன்பே சம்பளம் தவறியிருக்கிறது. ரேட்டிங் நிறுவனங்களின் அறிக்கைக்குக் காத்திருந்த பயணியைவிட, ஊழியர் சம்பளச் செய்தியைப் படித்த பயணிக்கு நான்கு மாதம் கூடுதலாகக் கிடைத்தது.

சம்பளமில்லாத என்ஜினியர் என்பது பயணிக்கு என்ன அர்த்தம் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விமானமும் பராமரிப்பு வேலை முடிந்து கிளம்பும் முன், உரிமம் பெற்ற என்ஜினியர் ஒருவர் டெக்னிகல் லாக் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். டயர் தேய்மானம், பிரேக் பின்னின் நீளம், ஆயில் அளவு, முந்தைய பைலட் எழுதிவைத்த குறை, அதைச் சரிசெய்தாரா அல்லது விதி அனுமதிக்கும் நாள்வரை தள்ளிவைத்தாரா என்று எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். அந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பு கம்பெனியோடு நிற்பதில்லை; உரிமம் அவருடைய சொந்தப் பெயரில் இருக்கிறது. தவறு நடந்தால் போவது அவருடைய பிழைப்பு. மூன்று மாதம் சம்பளம் வராத நிலையில், நள்ளிரவில், மழையில், டார்ச் வெளிச்சத்தில் அந்த வேலையை அவர்கள் செய்தார்கள். 2019 மார்ச்சில் ஜெட் என்ஜினியர்களின் நலச் சங்கம் டிஜிசிஏவுக்குக் கடிதம் எழுதி, சம்பளமில்லாத மன அழுத்தம் வேலையைப் பாதிக்கிறது, பாதுகாப்பே ஆபத்தில் இருக்கிறது என்று எழுத்திலேயே சொன்னது. ஒரு சேவையின் தரத்தைப் பற்றி இதைவிட நேர்மையான எச்சரிக்கை கிடைக்காது. அதை எழுதியவர்கள் அந்தச் சேவையைக் கடைசிவரை தாங்கிப் பிடித்தவர்கள்.

பயணி கண்ணில் பட்ட வரிசை

பயணிக்கு முதலில் தெரிந்தது சாப்பாடு. 2018 செப்டம்பர் இறுதியிலிருந்து மிகக் குறைந்த கட்டண வகைகளில் இலவச உணவு நின்றது. அதை மட்டும் வைத்துக் கம்பெனி முழுகப் போகிறது என்று சொல்ல முடியாது. லாபத்தில் ஓடும் நிறுவனமும் இதைச் செய்யும்.

அடுத்து, நேர அட்டவணை. வாடகை பாக்கிக்காக விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நிறுத்தப்பட்டன. 2019 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஜெட் இதைப் பங்குச்சந்தைக்கே அறிவித்துக்கொண்டிருந்தது. 120க்கு மேல் விமானம் வைத்திருந்த நிறுவனம் ஏப்ரல் நடுவில் பத்துக்கும் குறைவானவற்றோடு பறந்தது. சர்வதேச சேவைக்குக் குறைந்தது 20 விமானம் வேண்டும் என்பது விதி. எண்ணிக்கை அந்தக் கோட்டுக்கும் கீழே போயிற்று. ஏப்ரல் 10 அன்று ஆம்ஸ்டர்டாமில் சரக்கு ஏஜென்ட் ஒருவர் பாக்கிக்காக மும்பை கிளம்ப வேண்டிய போயிங் 777ஐப் பிடித்துவைத்தார். அந்த வாரத்திலேயே வெளிநாட்டு விமானங்கள் நின்றன.

இதற்கு நடுவே மார்ச் 25 அன்று நிறுவனர் நரேஷ் கோயல் நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். வங்கிகள் ரூ. 1,500 கோடி போடும் என்று அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பை நம்பி ஏப்ரல், மே விடுமுறைக்கு டிக்கெட் வாங்கியவர்கள்தான் அதிகம் அடிபட்டவர்கள். கடைசியில் கேட்ட ரூ. 400 கோடி அவசரப் பணமும் மறுக்கப்பட்டது. ‘பணம் வரப்போகிறது’ என்ற அறிவிப்புக்கும் ‘பணம் வந்துவிட்டது’ என்ற அறிவிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே சம்பளக் கணக்கு மட்டும்தான் காட்டியது. பணம் உண்மையிலேயே வந்திருந்தால் பைலட்களின் பாக்கியில் ஒரு மாதமாவது அடைந்திருக்கும்.

இப்போது ஒரு நிறுவனத்தைச் சோதிக்க விரும்புகிறவர் வழக்கமாகக் கையில் இருக்கும் கருவிகளை வைத்தே செய்யலாம். பங்குச்சந்தையில் உள்ள நிறுவனமென்றால் காலாண்டு அறிக்கையில் தணிக்கையாளர் குறிப்பைப் படியுங்கள். ‘தொடர்ந்து இயங்கும் திறன் குறித்து கணிசமான ஐயம்’ என்ற பொருளில் ஒரு பத்தி இருந்தால், மூன்று மாதத்துக்கு அப்பால் உள்ள தேதிக்கு டிக்கெட் வாங்காதீர்கள். டிஜிசிஏ மாதம்தோறும் வெளியிடும் பட்டியலில் ரத்து சதவீதத்தைப் பாருங்கள், காரணம் ‘தொழில்நுட்பம்’ என்று ஏறிக்கொண்டே போனால் உதிரிப் பாகத்துக்குக் காசில்லை, ஒரு விமானத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுகிறார்கள் என்பது பெரும்பாலும் சரியான ஊகம். ஆறு மாதம் கழித்துப் பயணத்துக்கு, இன்றே முழுப் பணம் கட்டினால் பாதி விலை என்று நெருக்கடியில் உள்ள நிறுவனம் விளம்பரம் செய்தால் அது சலுகை ஆகாது; கைமாற்று கேட்கிறது.

டிக்கெட் எண்ணும் காசு போகும் வழியும்

இ-டிக்கெட்டில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். பிஎன்ஆரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிஎன்ஆர் ஆறு எழுத்து. இந்த 13இல் முதல் மூன்று இலக்கம்தான் உங்கள் காசு யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஜெட் 589. ஏர் பிரான்ஸ் 057, கேஎல்எம் 074, எத்திஹாட் 607, ஏர் இந்தியா 098.

இதனால் நடைமுறையில் என்ன ஆனது? சென்னை பாரிஸ் தடத்தில் ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டிய இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏர் பிரான்ஸ் தளத்தில் கூட்டுச்சேவை எண்ணில் (ஒரே விமானத்தை இரண்டு நிறுவனங்கள் தத்தம் எண்ணில் விற்பது) வாங்கினார், டிக்கெட் 057. இன்னொருவர் ஜெட் தளத்தில் வாங்கினார், 589. விமானம் ரத்தானதும் முதலாமவரை வேறு வழியில் அனுப்புவதோ பணத்தைத் திருப்புவதோ ஏர் பிரான்ஸின் பொறுப்பு. இரண்டாமவர் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் கடைசியில் போய் நின்றார். ஆகவே கூட்டுச்சேவை இருக்கும் தடத்தில், பறப்பது நெருக்கடியில் உள்ள நிறுவனமாக இருந்தாலும், டிக்கெட்டை வலுவான கூட்டாளியின் பெயரில் வாங்குவது சில நூறு ரூபாய் கூடுதலானாலும் லாபம். தனித்தனி டிக்கெட்டாக இணைப்பு விமானம் வாங்குவது நேரெதிர். முதல் விமானம் ரத்தானால் இரண்டாவது டிக்கெட்டும் வீணாகும், அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

காசு கட்டும் முறையிலும் இதே கணக்குதான். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய காசை வங்கி வழியாகவே திரும்ப வாங்கும் வழி, இருக்கிறது. கார்டு கொடுத்த வங்கியிடம் ‘சேவை வழங்கப்படவில்லை’ என்ற காரணத்தில் தகராறு பதிவுசெய்ய வேண்டும். விசா விதிப்படி பயணம் நடந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து 120 நாள், பணம் கட்டிய தேதியிலிருந்து அதிகபட்சம் 540 நாள். இ-டிக்கெட், ரத்து அறிவிப்பின் படம், பணத்தைத் திருப்பக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சல், கார்டு ஸ்டேட்மென்டில் அந்த வரி ஆகிய நான்கும் போதும். போகும் வழியில் பறந்துவிட்டு வரும் வழி ரத்தானால், வரும் வழிக்கான பகுதியை மட்டும் கேளுங்கள். முழுத்தொகை கேட்டால் மனுவே தள்ளுபடியாகலாம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ காரணமில்லாமல் மறுத்தாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம்.

இதில் வழக்கமாகத் தவறிப்போகிற இடம் இரண்டு. ரத்து அறிவிப்போடு ‘கிரெடிட் வவுச்சர் ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்திவிட்டால் நீங்கள் மாற்றுச் சேவையை ஏற்றுக்கொண்டவர். சார்ஜ்பேக் நிற்காது, வவுச்சரும் நிறுவனத்தோடு மூழ்கும். அடுத்தது, டிக்கெட்டை இணையப் பயண ஏஜென்சியில் வாங்கியிருந்தால் ஸ்டேட்மென்டில் ஏஜென்சி பெயர்தான் இருக்கும். பதிவுசெய்து கொடுத்ததோடு எங்கள் சேவை முடிந்தது என்று அவர்கள் வாதாடுவார்கள். யூபிஐ, நெட்பேங்கிங் வழியாகக் கட்டியவர்களுக்குக் கார்டு அளவு பாதுகாப்பு இல்லை. பயணக் காப்பீட்டை நம்புகிறவர்கள், விமான நிறுவனம் திவாலானால் இழப்பு உண்டு என்று பாலிசியில் தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘பயண ரத்து’ என்ற பொதுச்சொல் இதை அடக்காது.

ஜெட் விஷயத்தில் தப்பித்த ஒரு பொருள் உண்டு. ஜெட்பிரிவிலேஜ் மைல்கள் தனிக் கம்பெனியின் கையில் இருந்தன. அதில் பெரும்பங்கு எத்திஹாட்டுடையது. அதனால் விமான நிறுவனம் நின்றபிறகும் மைல்கள் உயிரோடு இருந்தன, 2019இலேயே இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறின. பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட் செல்லாமல் போய், இனாமாக வந்த மைல் செல்லுபடியானது. யார் பெயரில் கணக்கு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

வேலைநிறுத்தம் வேறு, சம்பளம் நிற்பது வேறு

ஊழியர் தகராறு என்று செய்தி வந்ததும் டிக்கெட்டை ரத்துசெய்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். 2008 அக்டோபரில் ஜெட் சுமார் 1,900 பேரை ஒரேயடியாக வெளியே அனுப்பி, எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் திரும்ப எடுத்துக்கொண்டது. 2009 செப்டம்பரில் சங்கம் அமைத்ததற்காக இரண்டு பைலட்களை நீக்கினார்கள்; மற்ற பைலட்கள் கூட்டமாக உடல்நிலை சரியில்லை என்று விடுப்பு போட்டார்கள். ஐந்து நாள் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்து. இரண்டு தடவையும் நிறுவனம் பிழைத்தது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் கேபின் ஊழியர்கள் அதேபோல் விடுப்பு போட்டு, கேரளத்திலிருந்து வளைகுடாவுக்குப் போக வேண்டியவர்கள் உள்பட ஆயிரக்கணக்கானோர் தவித்தார்கள். 25 பேர் நீக்கப்பட்டார்கள். தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேச்சு நடந்து மே 9ஆம் தேதியே அவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்கள். பின்னால் பணமுள்ள முதலாளி இருந்தால் தகராறு ஒரு வாரத் தொல்லை. ஆனால் வேலைநிறுத்தத்தையும் தொழிலாளர் தகராறையும் டிஜிசிஏ விதி இழப்பீட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள காரணத்தால் வரும் ரத்துக்குத்தான் இழப்பீடு: ஒரு மணி நேரத்துக்குள் உள்ள பயணத்துக்கு ரூ. 5,000, இரண்டு மணி வரை ரூ. 7,500, அதற்கு மேல் ரூ. 10,000 அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது.

2019இல் நடந்தது வேறு. பைலட்கள் சங்கம் ஏப்ரல் 1 முதல் பறக்க மாட்டோம் என்றது. பிறகு ஏப்ரல் 15 என்று தள்ளிவைத்தது. அதையும் தள்ளிவைத்தது. அதாவது மூன்று மாதம் சம்பளமில்லாமல், நிறுவனம் பிழைக்கட்டும் என்று பறந்துகொண்டே இருந்தார்கள். பைலட்கள் கொடி பிடித்ததால்தான் ஜெட் விழுந்தது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். தேதிகளைப் பார்த்தால் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை.

மூடியபின் ஊழியர் கையில் என்ன

2019 ஜூன் 20 அன்று ஜெட் திவால் தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே ஊழியர் கோரிக்கைக்குப் படிவம் டி. பலர் சேர்ந்து ஒருவர் மூலம் கொடுத்தால் படிவம் இ. நியமன ஆணை, கடைசியாகச் சம்பளம் வந்த மாதத்தின் வங்கி ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டுகள், விடுப்பு நிலுவை ஆகியவை வேண்டும். இவற்றை நிறுவனத்தின் சர்வரில் மட்டும் வைத்திருந்தவர்கள் அலுவலக மின்னஞ்சல் மூடியதும் கைவிரித்து நின்றார்கள். எந்த விமான நிறுவனத்தில் வேலை பார்த்தாலும் சம்பளச் சீட்டு, ரோஸ்டர், பறந்த நேரப் பதிவு மூன்றையும் மாதம்தோறும் சொந்தக் கணக்குக்கு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பறந்த நேரப் பதிவு இல்லாமல் படியை நிரூபிக்க முடியாது.

வரிசையில் இடம் எங்கே என்பதைத் திவால் சட்டத்தின் 53ஆவது பிரிவு சொல்கிறது. நடைமுறைச் செலவு முதலில். அடுத்து, தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறவர்களின் 24 மாத நிலுவையும் ஈடு வைத்திருக்கும் வங்கிகளும் சம அளவில். அதன்பின் மற்ற ஊழியர்களின் 12 மாத நிலுவை. டிக்கெட் வாங்கிய பயணி இதற்கெல்லாம் வெகு கீழே, மிச்சக் கடன்கள் என்ற கூட்டத்தில். பிஎஃப், கிராஜுவிட்டி நிதி இந்தப் பங்கீட்டுக்குள்ளேயே வராது. அது ஊழியர் சொத்து. ஜெட்டை வாங்க முன்வந்த ஜலான் கால்ராக் கூட்டணி இதை முழுதாகக் கொடுக்க வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் சொன்னது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. ஊழியர் சங்கங்கள் விடாமல் நடத்திய வழக்கு அது. மற்ற நிறுவன ஊழியர்களுக்கும் அந்தத் தீர்ப்பு பயன்படும்.

கிங்ஃபிஷர் 2012இல் நின்றபோது வேறொரு கேடு வெளிவந்தது. சம்பளத்தில் வருமான வரியைப் பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டாமல் விட்டிருந்தார்கள். ஊழியர்களுக்கு வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. நிறுவனம் தடுமாறும்போது, பிடித்த வரி உங்கள் கணக்கில் ஏறியதா என்று காட்டும் அறிக்கையையும் (நீண்ட காலம் இதன் பெயர் 26ஏஎஸ்) பிஎஃப் பாஸ்புக்கையும் மாதம் ஒருமுறை பாருங்கள். பிடித்த வரியை மறுபடி ஊழியரிடம் கேட்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தின் 205ஆவது பிரிவு இருந்தது. ஆனால் பிடித்ததற்குச் சான்று சம்பளச் சீட்டுதான்.

கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் 2023 மே 2 அன்று தானாகவே திவால் மனு போட்டது. என்ஜின் கோளாறால் பாதி விமானங்கள் தரையில் நின்றதைக் காரணம் காட்டியது. 54 விமானங்களை வாடகைக்கு விட்டவர்கள் திரும்ப எடுக்க முடியாமல் ஒரு வருடம் வழக்கு நடந்தது. வழக்கு நடக்கும்போதே, திவால் நடைமுறையில் சொத்துகளை யாரும் எடுக்கக் கூடாது என்ற தடை விமானங்களுக்குப் பொருந்தாது என்று 2023 அக்டோபர் 3 அன்று அரசு அறிவித்தது. 2025இல் தனிச் சட்டமும் வந்தது. வாடகை மலிவாகும் என்பது இதன் நன்மை. தீமை ஊழியருக்கு: இனி விழுகிற நிறுவனத்தின் விமானங்கள் சில வாரத்தில் நாட்டை விட்டுப் போய்விடும், மறுபடி எழும் வாய்ப்பு இன்னும் குறைவு. பாக்கி சேரச் சேரக் காத்திருப்பது முன்பைவிட ஆபத்தான முடிவாகிவிட்டது.

மதிப்பெண்

விமானத்துக்குள் கிடைத்த சேவைக்குப் பத்துக்கு எட்டரை. அதில் ஏழு அங்கே வேலை செய்தவர்களுடையது. நிர்வாகம் பயணிக்கும் ஊழியருக்கும் உண்மை நிலவரத்தைச் சொன்ன விதத்துக்குப் பத்துக்கு ஒன்று. முன்பண டிக்கெட் என்ற பொருளுக்கு, 2018 ஆகஸ்ட்வரை ஏழு. செப்டம்பரில் சம்பளம் இரண்டு தவணையான நாளிலிருந்து இரண்டு.

மறுபிறப்பு முயற்சிக்கு மதிப்பெண் போட ஒன்றுமில்லை. கூட்டணி முதல் தவணையாகப் போட வேண்டிய ரூ. 350 கோடி முழுதாக வரவில்லை. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவு தனக்குத் தரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, ஜெட்டைக் கலைத்து விற்க உத்தரவிட்டது. கூட்டணி போட்டிருந்த ரூ. 200 கோடி பறிமுதல், ரூ. 150 கோடி வங்கி உத்தரவாதத்தை எடுத்துக்கொள்ள வங்கிகளுக்கு அனுமதி. ஏறக்குறைய ஐந்து வருடம் ஏழு மாதமாக ‘மறுபடி பறக்கும்’ என்று வந்த ஒவ்வொரு அறிவிப்பையும் நம்பி வேறு வேலைக்குப் போகாமல் காத்திருந்தவர்களும் ஊழியர்களில் உண்டு. அவர்களுடைய பழைய நிலுவை இப்போது கலைப்பு அலுவலரின் பட்டியலில், 53ஆவது பிரிவின் வரிசைப்படி இருக்கிறது.